எக்ஸ்ட்ரா பட்டைய முதல்ல கழட்டுங்க: ஸ்பிட்ஃபயர் வச்சிருக்க சேலம் வாசகருக்கு

சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல இருந்து ஒரு வாசகர் நாலு பக்கம் எழுதியிருக்கார், பேர் வேண்டாம்னு கேட்டதால விட்டுடறேன். அவங்க அப்பா ஏற்காட்ல எஸ்டேட் வச்சிருந்த ஒருத்தர்கிட்ட வாங்கின டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3ங்கற இங்கிலாந்து ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், 1969 மாடல், வீட்டு ஷெட்ல தார்ப்பாய்க்கு அடியில பல வருஷம் கிடந்திருக்கு. அப்பா தவறினதுக்கு அப்புறம் இவர் எஞ்சின், வயரிங், பெயிண்ட்டுன்னு ஒவ்வொண்ணா பண்ணி ரோட்டுக்கு கொண்டு வந்துட்டார். பின்பக்கம் தொங்கிப் போயி, சக்கரம் ரெண்டும் மேல்பக்கம் உள்ள சாஞ்சு நின்னதால அவரோட மெக்கானிக் அண்ணன் பின்னாடி பட்டை பட்டையா அடுக்கின ஸ்பிரிங்க (பட்டைக் கட்டு) இறக்கி, லாரிக்கு பட்டை அடிக்கிற பட்டறைல கொடுத்து வளைவு ஏத்தி, கூட ஒரு பட்டையும் சேர்த்து மாட்டியிருக்கார். வண்டி நிமிர்ந்து கம்பீரமா நின்னுச்சாம்.

அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டம்மாவோட ஏற்காடு போயிட்டு இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவுல ஸ்டியரிங் திருப்பிட்டே பிரேக்க தொட்டிருக்கார், பின்பக்கம் டக்குனு தூக்கி அப்படியே வெளிப்பக்கம் வீசிடுச்சு. எதிர்ல பஸ் வரல, தடுப்புச் சுவருக்கு கொஞ்சம் முன்னாடி நின்னுடுச்சு. அன்னைல இருந்து வீட்டம்மா அந்த வண்டில ஏற மாட்டேங்கறாங்க, பையன் "வித்துட்டு மஹிந்திரா தார் எடுங்கப்பா"ங்கறானாம்.

இப்ப அவர் கைல 2.5 லட்சம் ஒதுக்கி வச்சிருக்கார், பெங்களூர் நண்பர்கள் கொடுத்த ஒரு லிஸ்ட்டும் இருக்கு: 2 இன்ச் இறக்கறது, முன்னாடி பின்னாடி கெட்டியான ஸ்பிரிங், அட்ஜஸ்ட் பண்ற ஷாக், எல்லா இடத்துலயும் ரப்பருக்கு பதிலா பாலி புஷ், பின்னாடிக்கு ஒரு ஆன்ட்டி ரோல் பார் (வளைவுல வண்டி சாயாம பிடிக்கற கம்பி), 175 டயரோட அலாய். மெக்கானிக் அண்ணன் வேற ஒண்ணு சொல்றார், ஸ்டாண்டர்ட் கேசல் கார்ல வந்த பின் ஆக்சில தேடிப் பிடிச்சு மாட்டிடலாம்னு. எதை முதல்ல வாங்கறது, ஆர்டிஓ பிரச்சனை வருமா, விண்டேஜ் நம்பர் வாங்கிடலாமா, இதுதான் கேள்விங்க.

சார், ரெண்டு பேருக்கும் அடி படாம வந்தீங்களே, அது பெருசு. இந்த பதில படிச்சு முடிச்சு வேலை பாக்கற வரைக்கும் வண்டிய மலைக்கு எடுக்காதீங்க. அஸ்தம்பட்டி, கோரிமேடு வரைக்கும் மெதுவா ஓட்டறதுன்னா ஓட்டுங்க, அடிவாரம் தாண்ட வேண்டாம்.

வண்டி தளர்வா இருந்ததால தூக்கல

உங்க லெட்டர்ல "சஸ்பென்ஷன் ரொம்ப சாஃப்ட்டா இருந்ததால பின்னாடி போயிடுச்சு"ன்னு மூணு இடத்துல எழுதியிருக்கீங்க. நீங்க போட்ட லிஸ்ட் முழுக்க அந்த ஒரு நினைப்பு மேலதான் நிக்குது, அதனால அதை கொஞ்சம் பொறுமையா பாத்துடுவோம்.

ஸ்பிட்ஃபயர் 1962ல வந்தது, உடம்பு இத்தாலி டிசைனர் மிக்கேலாட்டி வரைஞ்சது, ஆனா அடியில இருக்கறது 1959ல வந்த ஹெரால்டோட சரக்கு. நம்ம ஊர் ஆளுங்களுக்கு ஹெரால்டு தெரியும், மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட் கம்பெனி செஞ்சு வித்த அதே வண்டிதான். இதுல பின்னாடி டிஃப்ரன்ஷியல் சேசிஸோட போல்ட் போட்டு நிக்குது, அதுல இருந்து ரெண்டு பக்கமும் ஆக்சில் ஷாஃப்ட் போகுது, ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் உள்பக்கம் மட்டும்தான் ஒரு கிராஸ் ஜாயின்ட், அதாவது சுத்திட்டே மடங்கற மூட்டு. வெளிப்பக்கம் ஜாயின்ட்டே கிடையாது. அதனால சக்கரம் மேல கீழ போகும்போது ஷாஃப்டோட சேர்ந்து சாய்மானமும் மாறும், சக்கரம் நேரா நிக்கணும்னு நினைச்சாலும் நிக்க முடியாது. இதைத்தான் ஸ்விங் ஆக்சில்னு சொல்றது.

வளைவுல வெளிப்பக்க டயர் தரையப் பிடிச்சு உள்பக்கமா தள்ளும். அந்த விசை டயர் தரைய தொடற இடத்துல இருந்து சாய்வா மேல அந்த கிராஸ் ஜாயின்ட்டுக்கு போறதால, வண்டிய உள்ள தள்றதோட கொஞ்சம் மேலயும் தூக்கும். பின்பக்கம் மேல போனா ஷாஃப்ட் கீழ்நோக்கி சாயும், சக்கரத்தோட அடிப்பாகம் உள்ள போகும், அப்படி போனா இன்னும் தூக்கும், மடக்குக் கட்டில் கால் உள்ள மடங்கற மாதிரி ஒரே நொடியில மடங்கிடும். அப்ப டயர் ஓரத்துல மட்டும்தான் நிக்குது, பிடிப்பு பாதி கூட இருக்காது. இதுக்கு ஸ்பிரிங் சாஃப்ட்டு, ஹார்டுங்கறதவிட அந்த ஷாஃப்ட் எந்த கோணத்துல இருந்து ஆரம்பிக்குதுங்கறதுதான் முக்கியம்.

இங்கதான் அந்த எக்ஸ்ட்ரா பட்டை வருது. கிராஸ்ல இருந்து சக்கரம் வரைக்கும் அரை மீட்டர் கூட வராது, அதனால பின்பக்கத்த 1 இன்ச் தூக்கினாலே சக்கரம் சுமாரா 3 டிகிரி தப்பான பக்கம் சாஞ்சுடும். லாரி பட்டறைக்காரர் அவர் வேலைய சரியாத்தான் செஞ்சிருக்கார், லாரிக்கு தொங்கினா தூக்கணும், அதுதான் அவருக்கு தெரிஞ்ச வைத்தியம். ஆனா ஸ்பிட்ஃபயர்ல மேல்பக்கம் கொஞ்சம் உள்ள சாஞ்ச சக்கரம் பழுது இல்லைங்க, அது உங்களுக்கு பாதுகாப்பு. உங்க மெக்கானிக் அண்ணன் மேல கோவப்பட வேண்டாம், கண்ணுக்கு கோணலா தெரிஞ்சத நிமித்தியிருக்கார். ஆனா நிமித்தினதுல இருந்த பாதுகாப்பு போயிடுச்சு.

அப்புறம் ஏன் ஏறும்போது ஒண்ணும் ஆகாம இறங்கும்போது ஆச்சுன்னு கேட்டிருக்கீங்க. ஏத்தத்துல எடை பின்னாடி உக்காந்து, நீங்க ஆக்சிலரேட்டரும் கொடுத்துட்டே இருப்பீங்க, பின்பக்கம் அமுங்கி நிக்கும். இறக்கத்துல மூக்கு ஏற்கனவே கீழ, அதுல வளைவுக்குள்ள பிரேக்க தொட்டா இருக்கற எடையும் முன்னாடி ஓடிடும், பின்பக்கம் தூக்கிக்கும், மடங்க ஆரம்பிக்க இவ்ளோ போதும். இதுக்கு ஓட்டற விதத்துலயும் பாதி மருந்து இருக்கு: வளைவுக்கு முன்னாடியே நேரா இருக்கும்போது பிரேக் முடிச்சு, செகண்ட் கியர்ல போட்டு, வளைவுக்குள்ள லேசா ஆக்சிலரேட்டர் பிடிச்சபடியே திருப்பணும். பாதி வளைவுல பயந்து கால எடுக்கறதும் பிரேக் அடிக்கறதும் இந்த வண்டில ஆகாது. சேலம் ரோட்ல 20 கொண்டை ஊசி இருக்கு, 20லயும் இதே பழக்கம் வேணும். திரும்பறதுல இந்த வண்டிய அடிச்சுக்க ஆளில்ல, 25 அடிக்குள்ள முழு வட்டம் போட்டுடும், அதனால வேகத்த குறைச்சுட்டு போனா வளைவு ஒரு விஷயமே இல்ல.

ஸ்பிரிங்குக்கு முன்னாடி ட்ரன்னியன்

உங்க லிஸ்ட்ல இல்லாத ஒண்ணு இது, எனக்கு உங்க வண்டில பெரிய பயமே இதுதான். முன்சக்கரத்துக்கு கீழ பித்தளைல ஒரு ட்ரன்னியன் இருக்கும், சக்கரத்த தாங்கற வெர்ட்டிகல் லிங்க்கோட மரை அதுக்குள்ள போயி, ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுத்துது. இதுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் அடிக்கணும். நம்ம ஊர்ல நிப்பிள் தெரிஞ்சா கிரீஸ் கன்ன வச்சு அமுக்கிடுவாங்க, பழைய கிரீஸ் உள்ள இறுகிப் போயி மரைக்கு ஒண்ணும் போய்ச் சேராது, தண்ணி இறங்கும், துரு பிடிக்கும், ஒரு நாள் லிங்க் அந்த மரைக்கு மேல உடைஞ்சு சக்கரம் படுத்துடும். அதுவும் எப்ப உடையும், முழு ஸ்டியரிங் ஒடிச்சு மெதுவா திருப்பும்போது, அதாவது கொண்டை ஊசில.

உங்க வண்டி பல வருஷம் ஷெட்ல நின்னது. கழட்டுங்க. ரெண்டு வெர்ட்டிகல் லிங்க்கையும் டீசல்ல கழுவி, சிவப்பு டை ஸ்ப்ரே அடிச்சு கிராக் பாருங்க, நம்ம சேலத்துல நல்ல லேத்து ஒர்க்‌ஷாப்ல கேட்டா பண்ணித் தருவாங்க. மரை இருக்கற இடத்துல நகத்த வச்சா தட்டற மாதிரி ஒரு கோடு தெரிஞ்சாலும் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க, வெல்டிங் வச்சு ஓட்டலாம்னு யாராவது சொன்னா அந்த கடைய விட்டு கிளம்பிடுங்க. இடது வலது மரை திசை வேற வேற, மாத்திப் போட்டுடாதீங்க. ஹெரால்டு உதிரி இன்னும் பழைய கடைங்கள்ல கிடைக்குதுன்னு எழுதியிருக்கீங்க, குடும்பம் ஒண்ணுதான், ஆனா உங்களுக்கு முன்னாடி டிஸ்க், ஹெரால்டுக்கு டிரம், கைல இருக்க பழசோட பக்கத்துல வச்சுப் பாக்காம காசு கொடுக்காதீங்க.

அதே நாள்ல பின் ஆக்சில் ஷாஃப்டையும் கிராக் பாத்துடுங்க. வெளிப்பக்கம் சக்கரத்த பிடிச்சிருக்கறது அந்த ஷாஃப்ட் மட்டும்தான், அது உடைஞ்சா சக்கரம் வண்டிய விட்டு தனியா போயிடும்.

உங்க லிஸ்ட்ட ஒவ்வொண்ணா பாப்போம்

பின் ஆன்ட்டி ரோல் பார், வேண்டவே வேண்டாம். வளைவுல பின்பக்கம் சாயாம கெட்டியா பிடிச்சா வெளிப்பக்க பின்சக்கரம் மேலதான் எல்லா பாரமும் விழும், ஏற்கனவே மடங்கற சக்கரத்துக்கு இன்னும் பாரம். இந்த வண்டிக்கு வேணுங்கறது அதுக்கு நேர் எதிர்: முன்னாடி கெட்டி, பின்னாடி சாய விடறது. இதை நான் சொல்லல, டிரையம்ஃப்காரங்களே செஞ்சாங்க. 1970ல வந்த மார்க் 4ல பட்டைக் கட்ட டிஃப்ரன்ஷியல் மேல மொத்தமா இறுக்காம, பெரும்பாலான பட்டைங்கள நடுவுல அசைய விட்டுட்டாங்க, ஸ்விங் ஸ்பிரிங்னு பேரு. மேடு பள்ளத்துல ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினா முழு ஸ்பிரிங்கும் வேலை செய்யும், வண்டி ஒரு பக்கமா சாஞ்சா பின்னாடி பெருசா எதிர்க்காது. அந்த குறைய ஈடுகட்ட முன்னாடி ஆன்ட்டி ரோல் பார 11/16 இன்ச்ல இருந்து 7/8 இன்ச்சா தடிப்பாக்கினாங்க. உங்க 2.5 லட்சத்துல உருப்படியா வாங்க வேண்டிய ஒரே அப்கிரேடுன்னா இது ரெண்டும்தான், அந்த பட்டைக் கட்டு, அந்த தடிப்பான முன் பார். ரெண்டையும் சேர்த்துத்தான் போடணும், ஒண்ண மட்டும் போட்டு பாதில நிறுத்தாதீங்க. வெட்டு, வெல்டிங் ஒண்ணும் இல்ல, போல்ட் போட்டு மாட்டறதுதான். பழசை துடைச்சு எண்ணெய் தடவி வச்சிருங்க.

இறக்கறத பத்தி: 2 இன்ச் அதிகம். பின்னாடி 1 இன்ச் அளவுக்குள்ள இறங்கினா சக்கரம் நல்ல பக்கம் சாயும், அது லாபம். அதுக்கு மேல போனா பம்ப் ஸ்டாப்ல, அதாவது ஸ்பிரிங் முழுசா அமுங்கினா தடுக்கற ரப்பர்ல போய் இடிக்கும், இடிச்ச உடனே ஸ்பிரிங் இல்லாத வண்டி மாதிரி பின்பக்கம் துள்ளும், அதை வளைவுல யோசிச்சுப் பாருங்க. சேலம் ஸ்பீட் பிரேக்கருக்கு சைலன்சர வேற வாரிக் கொடுக்கணும்.

கெட்டி ஸ்பிரிங் முன்னாடி மட்டும், அதுவும் கொஞ்சம்தான். முக்கால் டன் அளவுல இருக்க வண்டி இது, ரேசுக்கு போடற ஸ்பிரிங்க போட்டா மலை ரோட்டு ஒட்டுப்போட்ட தார்ல சக்கரம் தரைல நிக்கறத விட காத்துல நிக்கறதுதான் அதிகமா இருக்கும். ஷாக் நாலும் மாத்துங்க, பழசு கண்டிப்பா செத்திருக்கும். அட்ஜஸ்ட் பண்ற ஷாக் வாங்கினா தப்பில்ல, ஆனா திருகிய திருப்பினா வண்டி உயரம் மாறாது, ஆட்டம் அடங்கற வேகம்தான் மாறும், உங்க லெட்டர்ல ரெண்டையும் ஒண்ணா எழுதியிருக்கீங்க. மொதல்ல சாஃப்ட் பக்கம் வச்சு ஓட்டிப் பாருங்க.

பாலி புஷ்ஷு, முன்சக்கரத்த பிடிச்சிருக்க விஷ்போனுக்கு போடலாம், ஸ்டியரிங் கொஞ்சம் கூர்மையா இருக்கும். டிஃப்ரன்ஷியல் மவுண்ட்டுக்கு ரப்பரே இருக்கட்டும், இல்லன்னா கியர் பல் சத்தம் முழுக்க சீட்டுக்கு வந்துடும், வீட்டம்மாவ திரும்ப ஏத்தறதுக்கு அது உதவாது. ரப்பர் புஷ் போடற இடத்துல போல்ட்ட கடைசியா இறுக்கறது வண்டி தரைல நாலு சக்கரத்துல நின்னு, சீட்டுல ரெண்டு ஆள் எடை இருக்கும்போதுதான். தூக்கி வச்சு இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், கொஞ்ச நாள்ல கிழிஞ்சுடும். இதை மெக்கானிக் அண்ணன்கிட்ட பக்கத்துல நின்னு சொல்லுங்க, லிஃப்ட்ல இருக்கும்போதே இறுக்கிடறதுதான் எல்லாருக்கும் பழக்கம்.

175 டயரும் அலாயும் விட்டுடுங்க. உங்க வீல்ல நாலு ஸ்டட், பிசிடி (ஸ்டட் நிக்கற வட்டத்தோட விட்டம்) 95.25 மில்லிமீட்டர், கடைல கிடைக்கற 100 பிசிடி அலாய் "கொஞ்சம் தள்ளி மாட்டிக்கும்"னு சொல்வாங்க, மாட்டிக்காது, ஸ்டட் வளையும். வேகன்ஆருக்கு வர 155/80 ஆர் 13 போதும், சேலத்துலயே கிடைக்கும். "டயர்ல பட்டன் அப்படியே இருக்கு சார்"னு எழுதியிருக்கீங்க, பட்டன் இருக்கறது பேச்சில்ல, பக்கவாட்டுல டாட்னு ஆரம்பிக்கற வரிசைல கடைசி நாலு எண் பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 10 வருஷத்துக்கு மேலன்னா அது டயர் இல்ல, வெறும் கெட்டி ரப்பர். காத்தும் முக்கியம், பங்க்ல நாலுக்கும் 32 அடிச்சு விட்டுடுவாங்க, இந்த வண்டிக்கு முன்னாடி 20 சொச்சம், பின்னாடி அதவிட 5 பவுண்டு கூட, அவ்ளோதான். சமமா அடிச்சாலே பின்பக்கம் வழுக்கப் பாக்கும்.

கேசல் ஆக்சில் யோசனைல மெக்கானிக் அண்ணன் சொல்ற கதை சரிதான், 1972ல கேசல் வரும்போது ஸ்விங் ஆக்சில விட்டுட்டு, ரெண்டு சக்கரத்தையும் ஒரே கட்டையா சேர்க்கற லைவ் ஆக்சிலுக்கு போனாங்க. ஆனா உங்க வண்டில அதை நிறுத்தணும்னா சேசிஸ்ல பிராக்கெட் வெல்டிங், பிரேக் லைன், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் எல்லாம் மாறும். அப்படி மாத்தினா சட்டமும் குறுக்க வரும்.

ஆர்டிஓ, விண்டேஜ் நம்பர்

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்து ஆர்சில பதிவான விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. தேஞ்ச ஷாக், புஷ், ஸ்பிரிங்க மாத்தறது பராமரிப்பு, சேசிஸ வெட்டி வேற ஆக்சில் வைக்கறது மாற்றம், ஆக்சிடென்ட் கிளெய்ம் வந்தா இன்சூரன்ஸ்காரங்க தேடறது ரெண்டாவதத்தான். ஸ்விங் ஸ்பிரிங்கும் பாரும் போட்டதும் பில்லோட இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு லெட்டர் போட்டு, நகல வச்சுக்கங்க.

விண்டேஜ் நம்பர் விஷயத்துல அவசரப்படாதீங்க. 2021 விதிப்படி முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டின வண்டிக்கு அது கிடைக்கும், உங்களுதும் தகுதிதான், கட்டணம் 20,000, 10 வருஷம் செல்லும். ஆனா ரெண்டு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. சேசிஸ், பாடி, எஞ்சின் மாறாம ஒரிஜினலா இருக்கணும். அதோட அந்த பதிவுல இருக்க வண்டி கண்காட்சி, விண்டேஜ் ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடறது மாதிரி வேலைக்குத்தான் ரோட்ல வரலாம், வழக்கமா ஓட்டறதுக்கு இல்ல. ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுக்கு போயி ஏரிக்கரைல டீ குடிச்சுட்டு வரணும்ங்கறதுதான் உங்க ஆசைன்னா, இப்ப இருக்க பழைய பதிவையே 5 வருஷத்துக்கு ஒருக்கா ஃபிட்னஸ் காட்டி புதுப்பிச்சுக்கறதுதான் உங்களுக்கு தோது.

எந்த வரிசைல

அந்த எக்ஸ்ட்ரா பட்டைய கழட்டி, வளைவ பழையபடி இறக்கறது முதல் வேலை, கூலிய தவிர செலவே இல்ல. கூடவே ட்ரன்னியன், ஷாஃப்ட், கிராஸ், டயர். அதுக்கப்புறம் ஷாக். இவ்ளோ பண்ணி ஒரு மாசம் ஊருக்குள்ள ஓட்டிட்டு அப்புறம் ஸ்விங் ஸ்பிரிங்குக்கு ஆர்டர் போடுங்க. எல்லாத்தையும் ஒரே வாரத்துல மாட்டினா எது நல்லது பண்ணுச்சு எது கெடுத்துச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் எழுத முடியாது.

கேம்பர், அதாவது சக்கரத்தோட சாய்மானம், அளக்கும்போது ஒண்ணு கவனிங்க. ஜாக்ல இருந்து இறக்கின உடனே இந்த வண்டி பின்சக்கரம் ரெண்டும் கோணலா, பின்பக்கம் தூக்கினபடியே நிக்கும், டயர் தரைய பிடிச்சுக்கறதால விரிஞ்சு உக்கார முடியாது. முன்ன பின்ன பத்தடி உருட்டினாதான் இறங்கி சரியான நிலைக்கு வரும். மெக்கானிக் அண்ணன் முதல்ல பாத்த கோணல், அப்புறம் பாத்த நிமிர்வு, ரெண்டுமே ஜாக் இறக்கின உடனே பாத்ததான்னு கேளுங்க. அலைன்மென்ட் சென்டர் கம்ப்யூட்டர்ல ஸ்பிட்ஃபயர் இருக்காது, மேனுவலா எடுக்கச் சொல்லுங்க, ரெண்டு சீட்லயும் ஆள உக்கார வச்சு, பின் சக்கரம் மேல்பக்கம் 2 டிகிரி உள்ள சாஞ்சிருந்தா போதும். பின் டோ, அதாவது மேல இருந்து பாத்தா சக்கரம் நிக்கற திசை, கோணலா இருந்தா, சக்கரத்த முன்பின்னா நகராம பிடிக்கற ரேடியஸ் ஆர்ம் பாடில மாட்ற பிராக்கெட்டுக்கு பின்னாடி ஷிம் (மெல்லிசு தகடு) வச்சு சரி பண்ணலாம், அது தெரிஞ்சவங்க குறைவு, அதனால சொல்றேன்.

விக்கறதா வேண்டாமாங்கறது நீங்களும் வீட்லயும் பேசிக்க வேண்டியது. விக்கறதா இருந்தாலும் அந்த பட்டைய கழட்டிட்டு விக்கணும் சார், வாங்கறவரும் அதே மலைலதான் இறங்கப் போறார். பட்டை கழட்டினதுக்கு அப்புறம் உருட்டி விட்டு எடுத்த கேம்பர் ரீடிங்கையும், வெர்ட்டிகல் லிங்க் மரையோட ரெண்டு பக்க போட்டோவையும் அனுப்புங்க, முன் ஸ்பிரிங் எவ்ளோ கெட்டி வேணும்ங்கறத அதை பாத்துட்டு எழுதறேன்.